இரங்கல் தீர்மானத்துக்கு அடுத்த வரி

கூட்டுறவுச் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது நம் தொழில். பாவு நூல் வாங்கிய தீர்மானம், பங்குத்தொகை திருப்பித் தந்த தீர்மானம், பால் பரிசோதனைக் கருவியைப் பழுது பார்த்த தீர்மானம் என வரிசையாகச் செல்லும் அப்பக்கங்களின் நடுவே, எப்போதாவது ஒரு பக்கம் கண்ணை நிறுத்தும். நாட்டின் தலைவர் ஒருவர் மறைந்தமைக்குச் சங்கம் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்வதாகவும், வந்திருந்தோர் அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்ததாகவும் அதில் எழுதியிருக்கும். அடுத்த வரியிலேயே சென்ற மாத வரவு செலவு தொடங்கிவிடும்.

ஆண்டுகள் பல கடந்தபின் அப்பக்கத்தைப் படிக்கிறவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தபின் என்ன செய்தார்கள்? நூல் வாங்குவதென்று தீர்மானித்தால் நூல் வந்து சேர்ந்ததற்குப் பட்டியல் இருக்கிறது. கடன் கொடுப்பதென்று தீர்மானித்தால் கைச்சாத்து இருக்கிறது. அனுதாபத் தீர்மானம் நிறைவேறியதற்குச் சான்று எது? இக்கேள்வியையே இம்மாதம் அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

துக்கம் கேட்கும் முறை

நம் ஊர்ப்புறங்களில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் அண்டை அயலார் துக்கம் கேட்கச் செல்கிறார்கள். சென்றவர்கள் வாயால் மட்டும் துக்கம் கேட்பதில்லை; கையாலும் கேட்கிறார்கள். அடுப்பு மூட்டாத அவ்வீட்டுக்குச் சோறு வேறொரு வீட்டிலிருந்து வருகிறது. கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், தீவனம் போடுவதும், திறந்து கிடக்கும் மடையை அடைப்பதும் பக்கத்துத் தோட்டத்தார் பொறுப்பாகிவிடுகின்றன. உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறவர் ஒருவர். பந்தலுக்குக் கால் நடுகிறவர் மற்றொருவர். இறந்தவர் விட்டுச் சென்ற வேலையைச் சில நாட்களுக்கு ஊரே பங்கிட்டுக்கொள்கிறது. கூட்டுறவு என்னும் சொல் அரசாங்கச் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே சாவு வீட்டு வாசலில் அது நடைமுறையில் இருந்தது எனலாம்.

ஊரில் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டியது நமக்குத் தெரியும். ஆயிரம் மைல்களுக்கு அப்பால் நாட்டின் தலைவர் ஒருவர் இறந்தால் அவர் வீட்டுக்கு நாம் சோறு எடுத்துச் செல்ல இயலாது. அவருடைய மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் முடியாது. ஆகவே எழுந்து நிற்கிறோம். மாலையிட்டுப் படம் வைக்கிறோம். தந்தி அனுப்பிய காலம் போய் இன்று வேறு வழிகளில் செய்தி அனுப்புகிறோம். அவையெல்லாம் வேண்டியவையே. எனினும், அத்தலைவரும் ஒரு வேலையைப் பாதியில் விட்டுத்தான் சென்றிருக்கிறார். திறந்து கிடக்கும் அந்த மடையை அடைப்பவர் யார்?

இருபது மாதங்களில் இருமுறை

இதைச் சிந்திப்பதற்கு 1964, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1964 மே 27ஆம் நாள் பண்டித ஜவாஹர்லால் நேரு மறைந்தார். தம் அஸ்தியில் ஒரு சிறு பகுதியைக் கங்கையில் கரைக்க வேண்டுமென்றும், பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் உழைக்கும் வயல்களின்மீது தூவ வேண்டுமென்றும் அவர் தம் உயிலில் எழுதி வைத்திருந்தார். அவ்வாறே செய்யப்பட்டது. அவருடைய பிறந்த நாளான நவம்பர் 14ஆம் நாளில் தொடங்கி 20ஆம் நாள் வரை கூட்டுறவு வார விழாவை நாம் இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடி வருகிறோம்.

நேருவுக்குப் பின் 1964 ஜூன் 9ஆம் நாள் பிரதமர் பொறுப்பை ஏற்றவர் லால் பகதூர் சாஸ்திரி. அடுத்த ஆண்டே பாகிஸ்தானுடன் போர் மூண்டது. போருக்குப்பின் சமாதானம் பேசுவதற்காகச் சோவியத் நாட்டின் தாஷ்கண்ட் நகருக்கு அவர் சென்றார். 1966 ஜனவரி 10ஆம் நாள் பாகிஸ்தான் அதிபர் அயூப்கானும் அவரும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அன்றிரவு கடந்து, 11ஆம் நாள் விடியும் முன்னரே மாரடைப்பால் சாஸ்திரி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 61. முந்தைய நாள்வரை எதிரியாக இருந்த அயூப்கானும், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்த சோவியத் பிரதமர் கோசிகினும் அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்து விமானம் வரை சுமந்து சென்றனர். மறுநாள் தில்லியில் யமுனைக் கரையில் தகனம் நடந்தது. அவ்விடமே இன்று விஜய்காட் எனப்படுகிறது.

அச்செய்தி வந்தபோது தமிழ்நாட்டில் பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின் முன் ஊர் கூடிச் செய்தி கேட்ட காலம் அது. சமாதானம் கையெழுத்தானது என்று முதல் நாள் கேட்ட அதே பெட்டியில், கையெழுத்திட்டவர் இல்லை என்பதை மறுநாள் காலையில் கேட்டார்கள். நோயுற்றுப் படுக்கையில் கிடந்தவரின் இறப்புக்கு மனம் ஓரளவு ஆயத்தமாகிவிடும். திடீர் மறைவுக்கோ எந்த ஆயத்தமும் இல்லை.

இருமுறையும் குல்ஜாரிலால் நந்தா உடனே இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்றார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசர் அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பணியை இருமுறையும் முன்னின்று நடத்தினார். 1966 ஜனவரி 24ஆம் நாள் இந்திரா காந்தி பதவியேற்றார். துயரம் நாட்டை அழுத்தியது. ஆயினும் ஒரு நாளேனும் நிர்வாகம் தலைவனின்றி நிற்கவில்லை. ஒருவர் இல்லாதபோது அடுத்துப் பொறுப்பு யாருக்கு என்பது முன்னரே தெளிவாக இருந்ததே அதற்குக் காரணம். இதை நம் சங்கங்களும் மனத்திற் கொள்ள வேண்டும். செயலாளர் திடீரென மறைந்தால் பெட்டகத்தின் சாவி எங்கே, நூல் இருப்பு எவ்வளவு, எந்த உறுப்பினருக்கு எவ்வளவு பாக்கி என்பதை அறிந்த இரண்டாமவர் ஒருவர் எத்தனை சங்கங்களில் இருக்கிறார்?

ஒரே ஜனவரி 11

சாஸ்திரி மறைந்த ஜனவரி 11 நம் கொங்கு நாட்டு நெசவாளர்களுக்குப் புதிய நாளன்று. 1932ஆம் ஆண்டு அதே நாளில்தான் திருப்பூர்க் குமரன் உயிர் துறந்தார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதை ஒட்டித் திருப்பூரில் ஜனவரி 10ஆம் நாள் நடந்த ஊர்வலத்தில் போலீசாரின் தடியடிக்கு ஆளாகி, கையிற் பிடித்த கொடியை விடாமல் வீழ்ந்து, மறுநாள் மருத்துவமனையில் அவர் இறந்தார். அவர் பிறந்த ஊர் சென்னிமலை. பிறந்த குடும்பம் கைத்தறி நெசவாளர் குடும்பம்.

இன்னுமோர் ஒற்றுமையும் உண்டு. சாஸ்திரி பிறந்தது 1904 அக்டோபர் 2ஆம் நாள். குமரன் பிறந்தது அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள். கங்கைக் கரையில் ஒருவரும் சென்னிமலை அடிவாரத்தில் ஒருவருமாக இரண்டு நாள் இடைவெளியில் பிறந்த இருவர், முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே தேதியில் மறைந்தார்கள். ஒருவர் பிரதமராக இறந்தார். மற்றவர் எந்தப் பதவியும் இல்லாத இளைஞராக, இருபத்தெட்டாம் வயதும் நிறையாமல் இறந்தார். இத்தகைய ஒற்றுமைகளுக்கு நாம் விதி என்றோ கணக்கு என்றோ பொருள் கூற வரவில்லை. ஆனால் நினைவு நாள் என்பது பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஜனவரி 11 நமக்கு உணர்த்துகிறது. தறி முன் உட்கார்ந்த குடும்பத்திலிருந்து வந்தவரும் அந்நாளுக்கு உரியவர்.

அனுதாபமும் கணக்கும்

அனுதாபம் தெரிவிக்கும்போது மறைந்தவரைப் பற்றி நல்லனவே கூற வேண்டும் என்பது நம் மரபு. அம்மரபு போற்றத்தக்கதே. எனினும், நடந்தவற்றை மறந்துவிடுவது மரியாதை ஆகாது. சாஸ்திரியின் ஆட்சிக்காலத்தில், 1965 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் பலியாயின. கொங்கு நாட்டில் பொள்ளாச்சியும் அத்துயரத்திற்குத் தப்பவில்லை. மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். அதன்பின் சாஸ்திரி வானொலியில் பேசி, மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்னும் நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார்.

ஓராண்டு கழிவதற்கு முன்பே அவர் மறைந்தார். ஓராண்டுக்கு முன் அவருடைய அரசைக் கண்டித்து முழங்கிய இதே மண்ணில், அவருக்காக மௌனம் காக்கவும் மக்கள் எழுந்து நின்றனர். இது முரண்பாடு ஆகாது. வரவையும் செலவையும் ஒரே பேரேட்டில் எழுதுவது போன்றது இது. செலவுப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு வரவுப் பக்கத்தை மட்டும் காட்டுகிற கணக்கைத் தணிக்கையாளர் எவரும் ஒப்புக்கொள்ளார். முழுக் கணக்கையும் அறிந்த பிறகும் ஒருவருக்காகக் கண் கலங்குமானால், அந்த அனுதாபமே நிலைத்து நிற்கும்.

அரியலூரில் கற்ற பாடம்

பிறருடைய இறப்புக்கு இரங்குவது எப்படி என்பதைச் சாஸ்திரியே தமிழ் மண்ணில் காட்டியிருக்கிறார். 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்றைக் கடக்கும்போது கவிழ்ந்தது. பெருமழையால் ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்துப் பாலத்தை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் சாஸ்திரி.

அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் ஒரு ரயில் விபத்து நேர்ந்தபோதே அவர் விலகல் கடிதம் கொடுத்திருந்தார். நேரு அதை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப்பின் மீண்டும் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு அதை ஏற்றார். சாஸ்திரி ரயிலை ஓட்டியவரல்லர், பாலத்தைக் கட்டியவருமல்லர். விபத்துக்குத் தாம் நேரடிக் காரணமல்ல என்று கூறி, அனுதாபச் செய்தி ஒன்றை வெளியிட்டுவிட்டு அவர் இருந்திருக்கலாம். அனுதாபத்துக்கு அடுத்த வரியாகப் பொறுப்பேற்பதையே அவர் எழுதினார்.

அவர் பதவி விலகியதால் இறந்தவர் எவரும் எழுந்து வரவில்லை. ஆனால், பொதுமக்களின் உயிருக்கும் பொருளுக்கும் காவலாக உட்கார்ந்திருப்பவர், தவறு தம் கையால் நேராவிட்டாலும் விளைவுக்குக் கடமைப்பட்டவர் என்னும் நெறி நாட்டில் ஊன்றியது. சங்க நிர்வாகிகளுக்கு இதனினும் பெரிய பாடம் வேண்டியதில்லை. உறுப்பினரின் சேமிப்பில் ஒரு ரூபாய் குறைந்தால், எழுத்தர் செய்தார் என்று கூறி நிர்வாகக் குழு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பாதியில் நின்ற வேலைகள்

சாஸ்திரி விட்டுச் சென்ற வேலைகளில் இரண்டு நம்மைப் போன்றோருக்கு நேரடியாக உரியவை.

முதலாவது உணவு. 1965இல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்தது. திங்கட்கிழமை இரவு உணவை விட்டுக்கொடுக்குமாறு சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். வீடுகள் பலவற்றில் அது விரதமாகவே அனுசரிக்கப்பட்டது. இரவு உணவை விடுவது அவசரத்துக்கு உதவும், பசியைத் தீர்க்காது. நிரந்தர வழி தேடும் பொறுப்பைப் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியத்திடம் அவர் ஒப்படைத்திருந்தார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. விளைபொருளுக்கு விலை பரிந்துரைக்கும் ஆணையமும் அதே மாதத்தில் ஏற்பட்டது. குட்டை ரகக் கோதுமை விதையைப் பெரிய அளவில் இறக்குமதி செய்வதற்குள் பிரதமர் மறைந்தார். வேலை நிற்கவில்லை. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. 1964-65இல் 120 லட்சம் டன் அளவில் இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 165 லட்சம் டன் அளவுக்கு உயர்ந்தது. அந்த அறுவடையே சாஸ்திரிக்கு உழவர்கள் நிறைவேற்றிய அனுதாபத் தீர்மானம்.

இரண்டாவது பால். 1964 அக்டோபர் இறுதியில் குஜராத்தின் ஆனந்த் நகருக்கு அருகே கால்நடைத் தீவன ஆலை ஒன்றைத் திறந்து வைக்கச் சென்ற சாஸ்திரி, விழாவுக்கு முந்தைய இரவு அஜர்புரா என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் தங்கினார். அங்குள்ள பால் சங்கம் செழிப்பதற்குக் காரணம் என்ன என்று கிராமத்தாரிடமே கேட்டறிந்தார். மண்ணிலும் மழையிலும் மாட்டினத்திலும் தனிச்சிறப்பு எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. சங்கம் உற்பத்தியாளருக்கே சொந்தம் என்பதும், வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதுமே வேறுபாடு என்று கண்டார். நாடெங்கும் அம்முறையைப் பரப்ப வேண்டுமென்று வர்கீஸ் குரியனைக் கேட்டுக்கொண்டார். 1965இல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் ஆனந்திலேயே நிறுவப்பட்டது. சில மாதங்களில் பிரதமர் மறைந்தார். குரியனும் அவருடன் உழைத்தோரும் அவ்வேலையைக் கைவிடவில்லை. 1970இல் பால்பெருக்குத் திட்டம் தொடங்கியது. 1998ஆம் ஆண்டளவில் இந்தியா உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் இன்று காலையிலும் மாலையிலும் சங்கத்துக்குப் பால் ஊற்றும் பெண்மணி, தாம் அறியாமலே ஒரு மறைந்த தலைவரின் விருப்பத்தை நாள்தோறும் இருமுறை நிறைவேற்றி வருகிறார்.

துக்கம் வழி தவறும்போது

வேலையில் சேராத துக்கம் வேறு வழியில் பாயக்கூடும் என்பதையும் நாடு கண்டிருக்கிறது. 1984 அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டபின், துக்கத்தின் பெயரால் தில்லியிலும் பிற இடங்களிலும் ஒரு பாவமும் அறியாத சீக்கியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. இறந்தவர்மீது வைத்த அன்பைக் காட்டுவதற்கு உயிரோடிருப்பவரின் வாழ்வைச் சிதைப்பது அன்பாகாது.

இவ்வளவு பெரிய கொடுமை இல்லாவிடினும், சிறு அளவில் நாமும் தவறக்கூடும். தலைவர் மறைந்த செய்தி வந்தவுடன் சங்கக் கதவைப் பூட்டிவிடுவது எளிது. பூட்டிய கதவின் வெளியே நிற்பவர் யார்? நெய்த துணியை ஒப்படைத்துக் கூலி வாங்க வந்த நெசவாளி நிற்கிறார். கூலி கிடைத்தால்தான் அவர் வீட்டுக்கு அன்று அரிசி. அடுத்த பாவுக்கு நூல் பெறாவிட்டால் தறி நிற்கும். பால் கேனுடன் வந்தவரும் அங்கே நிற்கிறார். துக்க நாள் என்று பசு பாலை நிறுத்தி வைப்பதில்லை. மஞ்சள் மூட்டையை வண்டியில் ஏற்றி ஏலத்துக்குக் கொண்டுவந்த உழவருக்கோ வண்டி வாடகை இருமடங்காகும். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறையால் ஊதியம் குறைவதில்லை. அன்றாடக் கூலிக்காரருக்கு அதுவே ஒரு நாள் பட்டினி. எளியவரின் ஒரு நாள் கூலியைக் கொண்டு பெரியவருக்கு மரியாதை செய்வது, வேறொருவர் பணத்தில் மாலை வாங்குவதை ஒக்கும்.

அரசு விடுமுறை அறிவித்தால் அதற்குக் கீழ்ப்படிவது கடமை. அப்போதும் பால் எடுப்பதற்கு மாற்று ஏற்பாடு செய்வதும், கூலி நாளாக இருப்பின் மறுநாள் முதல் வேலையாகக் கூலி வழங்குவதும் நிர்வாகத்தால் இயலாதவையல்ல.

கடன் அடைத்த குடும்பம்

சாஸ்திரியைப் பற்றிய ஒரு செய்தியைச் சங்க உறுப்பினர்கள் நன்கு அறிய வேண்டும். பிரதமரான பின் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு இணங்கி அவர் ஒரு பியட் கார் வாங்கினார். விலை 12,000 ரூபாய். வங்கியில் இருந்ததோ 7,000 ரூபாய். மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். கடன் தீருமுன் அவர் மறைந்தார். அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி, தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அக்கடனை அடைத்தார்.

நாட்டின் பிரதமர் கடன் பாக்கியுடன் இறந்தார் என்பதைக் கேட்டு வியக்கிறோம். அவருடைய நேர்மையைப் போற்றுகிறோம். அதே வேளையில் கூட்டுறவாளர் என்ற முறையில் மற்றொன்றையும் நாம் காண வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், கடனும் கணக்கும் வீட்டிலுள்ள பெண்ணின் தலையில் இறங்குகின்றன. லலிதா அம்மையாருக்கு ஓய்வூதியம் இருந்தது. நம் உறுப்பினரின் மனைவிக்கு என்ன இருக்கிறது?

இங்கேதான் நம் கட்டுரையின் முடிச்சு இருக்கிறது. இறந்த உறுப்பினரின் பங்குத்தொகையும், வைப்புத்தொகையும், கைத்தறி நெசவாளராயின் கூலியில் பிடித்தம் செய்த சேமிப்பும் அதனுடன் அரசு சேர்த்த பங்கும் அவருடைய குடும்பத்துக்கு உரியவை. அவற்றைத் தாமதமின்றித் தருவதற்குத் தேவையானது நியமனப் படிவம் என்னும் ஒரே ஒரு தாள். தமக்குப்பின் தொகை யாருக்குச் சேர வேண்டும் என்று உறுப்பினர் தம் கையால் எழுதி, சாட்சிகளின் முன் ஒப்பமிட்டுக் கொடுப்பது அது. அந்தத் தாள் இருந்தால் இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் வேலை பெரும்பாலும் முடியும். இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ், உறவினரின் சம்மதம், தகராறு வந்தால் நீதிமன்றம் என்று வழி நீளும். தறி நின்ற வீட்டில், அடுப்பெரியாத நாட்களில், அப்பெண் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

தாள் இருந்தும் பயன்படாத நிலையும் உண்டு. திருமணத்துக்கு முன் சேர்ந்தபோது தாயின் பெயரை எழுதியிருப்பார்; தாய் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் படிவம் மாற்றப்பட்டிராது. சிலர் நியமனம் எழுதுவதை அபசகுனம் என்று எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். வேட்டியின் நுனி பிரிந்துவிடும் என்று எந்த நெசவாளியும் வேட்டி நெய்யாமல் இருப்பதில்லை. பிரியாதிருக்க முடிச்சுப் போடுகிறார். நியமனப் படிவமும் அத்தகைய முடிச்சுதான். தாஷ்கண்டில் மாலையில் கையொப்பமிட்டவர் மறுநாள் காலையைக் காணவில்லை என்பதை அறிந்தபின்னும் நாம் நாளை என்று சொல்லலாமா?

நம் வேண்டுகோள்

ஆகவே நெசவாளர் சங்கங்களுக்கும், பால் சங்கங்களுக்கும், வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கும் ஒன்றை வேண்டிக்கொள்கிறோம். ஆண்டுதோறும் ஜனவரி 11ஆம் நாள் குமரனையும் சாஸ்திரியையும் நினைந்து இரண்டு நிமிடம் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபின், உறுப்பினர் பதிவேட்டைக் கையில் எடுங்கள். நியமனம் இல்லாதவர் பெயரையும், நியமிக்கப்பட்டவர் காலமாகிவிட்டவர் பெயரையும் உரக்கப் படியுங்கள். கூட்டத்துக்கு வந்திருப்பவர்களிடம் அங்கேயே படிவத்தைப் பூர்த்தி செய்து வாங்குங்கள். வராதவர்களிடம் பொங்கல் கழிந்த ஒரு மாதத்துக்குள் நிர்வாகக் குழுவினர் நேரில் சென்று வாங்கலாம். முதியோர், படிக்கத் தெரியாதோர், கணவரின் பெயரில் மட்டும் தறியுள்ள வீட்டுப் பெண்கள் ஆகியோருக்குப் படிவத்தை வாசித்துப் பொருள் கூறுங்கள். ஓராண்டில் காலமான உறுப்பினர்களின் குடும்பங்களுக்குத் தர வேண்டிய தொகை எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒரு கட்டுத் தாளும், ஒரு மாலைப்பொழுதும் போதும்.

நாட்டின் தலைவர் ஒருவர் இனி எப்போது மறைந்தாலும் இம்முறையையே பின்பற்றலாம். அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதைச் சங்கம் கருத வேண்டியதில்லை. அவர் தொடங்கிய வேலைகளில் நம் கைக்கு எட்டியது எது என்று மட்டும் கேட்டால் போதும்.

சங்கங்களின் வசதிக்காகத் தீர்மானத்தின் மாதிரி ஒன்றை இங்கே தருகிறோம். தத்தம் நிலைக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம்:

"தம் கடமையின் நடுவே உயிர் நீத்த பெரியோரை நினைந்து இக்கூட்டம் இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. சென்ற ஆண்டில் காலமான இச்சங்க உறுப்பினர்களின் பெயர்களும் உடன் வாசிக்கப்பட்டன. அவர்களுடைய குடும்பங்களுக்குச் சேர வேண்டிய தொகைகளை முப்பது நாட்களுக்குள் வழங்கி முடிப்பதென்றும், நியமனப் படிவம் இல்லாத உறுப்பினர் ஒருவரும் இச்சங்கத்தில் இல்லை என்னும் நிலையை அடுத்த பேரவைக் கூட்டத்துக்குள் எய்துவதென்றும், அதுவரை செய்த வேலையின் விவரத்தைச் செயலாளர் மாதந்தோறும் இக்குழுவின் முன் வைக்க வேண்டுமென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அடுத்த முறை தணிக்கைக்கு வரும்போது, தீர்மானப் புத்தகத்தில் அப்பக்கத்தைத் தேடிப் பார்ப்போம். அதன் அருகிலேயே நியமனப் பதிவேட்டையும் எடுத்து வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.